தீவகத்து வெம்மையும் மின்கட்டணமும்: தீர்வு கூரையில் தொடங்க வேண்டும்

சித்திரை பிறக்கும் வேளையில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிலைகொள்கின்றது. ஏப்ரல் 5 ஆம் திகதியளவில் நாட்டின் தென்கோடியில் தொடங்கும் இந்த உச்சம், 15 ஆம் திகதியளவில் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் அதனைச் சூழ்ந்த தீவகத்தையும் வந்தடைகின்றது. வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் இதனை அறிவித்து வருவதுடன், அண்மைய ஆண்டுகளில் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதனையும் சேர்த்துக் கணிக்கும் வெப்பச்சுட்டெண் எச்சரிக்கைகளையும் வெளியிடுகின்றது. நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களின் மக்களுக்கு இது புதிய செய்தியன்று. சோளகம் முறையாக வீசத் தொடங்கும் வரையான அந்த வாரங்களின் புழுக்கத்தை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். புதியது எதுவெனில், அந்தப் புழுக்கத்தைத் தணித்துக்கொள்வதற்கு மாத முடிவில் செலுத்த வேண்டியிருக்கும் விலையே.

உலக வெப்பநிலைப் பதிவுகளில் மிகவும் வெப்பமான ஆண்டாக 2024 பதிவாகியது. கைத்தொழில்மயமாக்கலுக்கு முந்திய காலத்துடன் ஒப்பிடுகையில் அவ்வாண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.55 பாகை செல்சியஸ் கூடியிருந்ததாக உலக வளிமண்டலவியல் அமைப்பு தெரிவித்தது. மறுபுறத்தில், பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து இலங்கையின் மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டது. பின்னர் 2024 இலும் 2025 ஜனவரியிலும் குறைப்புகள் இடம்பெற்றன. 2025 ஜூனில் மீண்டும் 15 வீத அதிகரிப்பு வந்தது. வெப்பமும் கட்டணமும் ஒருசேர உயர்ந்த இக்காலத்தில், வீட்டைக் குளிர்மையாக வைத்திருப்பது என்பது வசதிபடைத்தோரின் சௌகரியம் பற்றிய பேச்சாக மட்டும் இருக்க முடியாது. முதியோர், நோயாளர், கைக்குழந்தைகள், கடலுக்குச் சென்று திரும்பிப் பகலில் உறங்க வேண்டிய மீனவர் ஆகியோரைப் பொறுத்தவரை இது உடல்நலம் சார்ந்த வாழ்வுப் பிரச்சினையாகும்.

கட்டணம் எவ்வாறு கூடுகின்றது என்பதை முதலில் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். நமது வீட்டு மின்கட்டண முறையில் 60 அலகு என்பது ஒரு முக்கியமான எல்லைக்கோடு. மாதப் பாவனை அந்தக் கோட்டைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமன்றி, முதல் 60 அலகுகளுக்கும் கூடிய விலை அறவிடப்படுகின்றது. நிலையான கட்டணமும் உயர்கின்றது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண மின்விசிறியொன்று 75 வாற்று அளவில் மின்சாரத்தைப் பயன்படுத்தும். நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் சுழலும் இரு விசிறிகளுக்கு மாதம் 45 அலகு தேவை. சிறிய குளிர்சாதனப்பெட்டிக்கு 30 அலகும், விளக்கு, தொலைக்காட்சி முதலியவற்றுக்கு 8 அலகும் எனக் கொண்டால் மொத்தம் 83 அலகு. 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட விகிதங்களின்படி, வரிகள் நீங்கலாக, இதற்கான கட்டணம் 1,600 ரூபாவை நெருங்குகின்றது. அதே வீட்டில் 30 வாற்று அளவில் இயங்கும் சிக்கன விசிறிகள் இரண்டு பொருத்தப்பட்டிருப்பின் விசிறிகளின் பாவனை 18 அலகாகவும் மொத்தப் பாவனை 56 அலகாகவும் குறையும். அப்போது கட்டணம் 550 ரூபா அளவிலேயே நிற்கும். பாவனை குறைந்தது மூன்றிலொரு பங்கு. கட்டணம் குறைந்ததோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. காற்று ஒன்றே, கட்டணம்தான் வேறு.

வளிச்சீராக்கியின் கணக்கு இதனினும் கடுமையானது. ஒரு தொன் கொள்ளளவுடைய சாதாரண வளிச்சீராக்கி ஒரு கிலோவாற்று அளவில் மின்சாரத்தை உள்வாங்கும். இரவில் எட்டு மணித்தியாலம் இயங்கினால், இடையிடையே அது தானாக ஓய்வதைக் கழித்தாலும், ஒரு மாதத்தில் 180 அலகைத் தொடுவது எளிது. கட்டண அட்டவணையின் மிகவுயர்ந்த படி தொடங்குவதும் அந்த 180 ஆவது அலகுக்கு அப்பால்தான். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அன்போடு வாங்கிக் கொடுத்த வளிச்சீராக்கியைப் பெற்றோர் துணியால் மூடி வைத்திருப்பதன் காரணம் இதுவே. அதுமட்டுமன்றி, உப்புக்காற்று ஓயாது படும் தீவகத்தில் வெளியே பொருத்தப்படும் இயந்திரப் பகுதி விரைவில் துருவேறிப் பழுதடைவதும், திருத்துபவர் படகேறி வர வேண்டியிருப்பதும் மறைமுகமான மேலதிகச் செலவுகளாகும்.

இவ்விடத்தில் தீவகத்துக்கே உரிய ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டியுள்ளது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் போன்ற பகுதிகள் தாம்போதிகளால் குடாநாட்டுடன் இணைக்கப்பட்டவை. தேசிய மின்வலையமைப்பின் மின்சாரம் அங்கு கிடைக்கின்றது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியன அவ்வாறானவையல்ல. கடலால் பிரிந்திருக்கும் இத்தீவுகள் நீண்டகாலமாக டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தன. எழுவைதீவில் மாத்திரம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் சூரிய ஒளி, காற்று, டீசல் ஆகிய மூன்றையும் இணைத்த சிறிய கலப்பு மின்திட்டமொன்று நிறுவப்பட்டது. படகில் ஏற்றி இறக்கப்படும் டீசலில் உற்பத்தியாகும் மின்சாரத்தின் உண்மையான செலவு, தீவுவாசி செலுத்தும் கட்டணத்தை விடப் பன்மடங்கு அதிகம். கட்டணம் நாடெங்கும் ஒன்றே என்பதால் அந்த வித்தியாசத்தை மின்துறை சுமக்கின்றது. இறுதியில் அது நாட்டு மக்கள் அனைவரது தலையிலும் விழுகின்றது. ஆகவே நெடுந்தீவில் ஒரு வீடு மிச்சப்படுத்தும் ஓர் அலகு, கொழும்பில் ஒரு வீடு மிச்சப்படுத்தும் ஓர் அலகைக் காட்டிலும் நாட்டுக்குக் கூடிய பயனைத் தருகின்றது.

இந்த டீசல் தளையிலிருந்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றையும் விடுவிப்பதற்கான திட்டம் கடந்து வந்த பாதையை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியிலான கலப்பு மீள்புதுப்பிக்கத்தக்க மின்திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றின் கூட்டு முயற்சிக்கு வழங்கப்பட்டது. தனது கரையிலிருந்து சில பத்துக் கிலோமீற்றர் தொலைவிலேயே சீனா காலூன்றுவதை இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசெம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனையைக் காரணங்காட்டித் திட்டம் இடைநிறுத்தப்படுவதாகச் சீனத் தரப்பு அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபைக்கும் பெங்களூரைச் சேர்ந்த யூ-சோலார் நிறுவனத்துக்குமிடையிலான ஒப்பந்தம் 2024 மார்ச் 1 ஆம் திகதியே கைச்சாத்திடப்பட்டது. இந்தியாவின் 11 மில்லியன் அமெரிக்க டொலர் நன்கொடையிலான இத்திட்டத்தில் 1,700 கிலோவாற்று சூரிய மின்சாரம், 530 கிலோவாற்று காற்று மின்சாரம், 2,400 கிலோவாற்று மணி சேமிக்கும் மின்கலத் தொகுதி, துணைக்கு 2,500 கிலோவாற்று டீசல் மின்பிறப்பாக்கிகள் என்பன அடங்குகின்றன. முதல் கையளிப்புக்கும் இறுதி ஒப்பந்தத்துக்குமிடையே மூன்று கோடைகள் கடந்துபோயின. வல்லரசுகளின் வரைபடத்தில் மூன்று தீவுகளும் கேந்திரப் புள்ளிகளாகத் தெரிந்தன. அத்தீவுகளின் வீடுகளில் வியர்வையோடு விழித்திருந்த மனிதர்கள் அந்த வரைபடத்தில் தெரியவில்லை.

இத்திட்டம் வரவேற்கத்தக்கது என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. எனினும் மின்சாரம் பெருகினால் வெம்மைப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும் என எவரேனும் எண்ணினால் அவர்கள் ஒரு சிறிய கணக்கைச் செய்து பார்க்க வேண்டும். மூன்று தீவுகளிலுமாக 500 வீடுகள் இரவில் ஒரு கிலோவாற்று வளிச்சீராக்கி ஒவ்வொன்றை இயக்குவதாகக் கொள்வோம். மேற்குறித்த மின்கலத் தொகுதியில் சேமிக்கப்படும் முழு மின்சாரமும் ஐந்து மணித்தியாலத்துக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் மீண்டும் டீசலே கதியாகும். அதே 500 வீடுகளும் தலா இரண்டு சிக்கன விசிறிகளை இரவு முழுவதும் பத்து மணித்தியாலம் இயக்கினால் தேவைப்படுவது 300 அலகு மாத்திரமே. அதாவது சேமிப்பின் எட்டிலொரு பங்கு. ஆனால் விசிறி மட்டும் போதுமாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தலைக்கு மேலுள்ள கூரை அடுப்பாக இருத்தலாகாது.

நாம் வலியுறுத்த விரும்பும் விடயம் இதுவே. குளிர்மைக்கான செலவு மின்மானியில் தீர்மானிக்கப்படுவதற்கு முன்னர் கூரையில் தீர்மானிக்கப்படுகின்றது. நண்பகலில் சூரியன் உச்சியில் நிற்கும் நமது அகலாங்கில், சுவர்களைவிடக் கூரையே அதிக வெயிலை வாங்குகின்றது. வெறும் தகரமோ கல்நார்த் தகடோ தான் வாங்கிய வெப்பத்தைக் கீழேயிருப்பவர் மீது கதிர்வீச்சாக இறக்குகின்றது. அத்தகைய கூரையின் கீழ் சுழலும் விசிறி அனற்காற்றையே கலக்கிக் கொடுக்கும். தட்டையான கொங்கிறீற் மேல்தளத்தின் இயல்பு வேறு. பகல் முழுவதும் வெப்பத்தைக் குடித்து, மாலைக்குப் பின்னர் மெல்ல மெல்ல வீட்டினுள் கக்கும். பகலில் பரவாயில்லை எனத் தோன்றும் வீடு இரவு பத்து மணிக்கு இருக்கவொண்ணாததாகி, வளிச்சீராக்கியை நாட வைப்பது இதனாலேயே.

நமது முன்னோரின் வீடுகள் இந்த உண்மையை அறிந்து கட்டப்பட்டவை. பனையோலையும் கிடுகும் வேய்ந்த கூரைகள் வெப்பத்தைத் தேக்கி வைக்கவில்லை. நாற்சார் வீடுகளின் நடுமுற்றம் சூடான காற்றை மேலே செல்ல விட்டது. திண்ணையும் தாழ்வாரமும் சுவர்களை வெயிலிலிருந்து காத்தன. வளவைச் சூழ்ந்த பூவரசும் கிளுவையும் நிழலைத் தந்ததுடன் காற்றையும் மறிக்காதிருந்தன. நெடுந்தீவின் பவளக்கல் வேலிகள் சாந்து பூசாது அடுக்கப்பட்டவை. அவற்றினூடே கடற்காற்று சல்லடையில் புகுவதுபோல் புகுந்து சென்றது. இன்றைய உயர்ந்த சீமெந்து மதில்கள் களவுக்குப் பாதுகாப்பாக இருக்கலாம்; சோளகத்தையும் அவை வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன.

மீண்டும் ஓலை வீட்டுக்குத் திரும்புமாறு நாம் கூறவில்லை. ஆண்டுதோறும் கூரை வேய்வதற்கான ஓலையும் ஆளும் கூலியும் இன்று எளிதில் கிடைப்பனவல்ல. தீயும் சூறாவளியும் தரும் அச்சமும் உண்மையானவை. வறியவர் ஓலைக்குள்ளும் வசதியுள்ளோர் ஓட்டுக்குள்ளும் வாழ்ந்த காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்கவும் வேண்டியதில்லை. அவ்வீடுகளின் வடிவத்தைவிட, நிழலும் காற்றோட்டமும் வெப்பத்தை உள்ளே விடாத கூரையும் என்ற அவற்றின் முறைமையே நமக்கு வேண்டியது. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் பத்தி, 1940 களில் லக்ஸருக்கு அருகே புதிய குர்னா கிராமத்தை வறியவர்களுக்காக அமைத்தபோது, மண்கல்லையும் குவிமாடத்தையும் காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் கோபுரத்தையும் பயன்படுத்தினார். அது வறண்ட நாட்டுக்குரிய வழி. பகலுக்கும் இரவுக்குமிடையே வெப்பநிலை பெரிதும் மாறாத, ஈரப்பதன் மிகுந்த நமது கரைக்குத் தடித்த சுவரைக் காட்டிலும் வீட்டை ஊடறுத்துச் செல்லும் காற்றே முக்கியம். அந்தந்த மண்ணின் காலநிலையே கட்டடத்தின் முதல் வரைபடம் என்பதே பத்தியிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடமாகும்.

இந்த முறைமையை நாம் விரும்பிக் கைவிட்டோம் எனக் கூறுவது அநீதியாகும். 1990 களின் தொடக்கத்தில் தீவக மக்களுள் பெரும்பாலோர் யுத்தத்தால் இடம்பெயர்ந்தனர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் பிற இடங்களிலும் ஓலைக் குடிசைகளிலும் முகாம்களிலும் தசாப்தங்களைக் கழித்தனர். 2009 இன் பின்னர் திரும்பி வந்தோரை, தமிழராயினும் முஸ்லிம்களாயினும், வரவேற்றவை இடிந்த சுவர்களும் தற்காலிகத் தகரக் கொட்டகைகளுமே. நிவாரணமாக வழங்கப்பட்ட தகரம், சில மாதங்களுக்கென வந்து பல ஆண்டுகள் தங்கிவிட்டது. தகரத்தின் கீழ் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு வெம்மை என்பது இயற்கையின் கொடை மட்டுமன்று, யுத்தத்தின் எச்சமுமாகும். இவ்விடயத்தில் இரு சமூகங்களின் அனுபவமும் ஒன்றே என்பதை நினைவிற்கொள்வது நன்று.

மீள்கட்டுமானத்தின்போது கூட வெம்மை பற்றிய கேள்வி உரிய இடத்தைப் பெறவில்லை. 2012 இல் பெரும் கட்டமாகத் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கு, கிழக்கில் 46,000 வரையான வீடுகளுக்குத் தலா 550,000 ரூபா வழங்கப்பட்டு, பயனாளிகளே தமது வீடுகளைக் கட்டிக்கொண்டனர். வீட்டுக்காரரே தீர்மானிக்கும் அந்த முறை போற்றத்தக்கது. இதற்கு முற்றிலும் மாறாக, 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை ஆர்செலர்மிட்டல் நிறுவனத்தினூடாக வடக்கு, கிழக்கில் அமைக்கும் யோசனை 2016 இல் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. வீடொன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா எனக் கூறப்பட்டது. இந்த வெயிலுக்கு உருக்கு வீடு பொருந்துமா, விறகடுப்பில் சமைப்போருக்கு அங்கு இடமுண்டா, உப்புக்காற்றில் அது எத்தனை ஆண்டு நிற்கும் என்ற கேள்விகளை மக்கள் பிரதிநிதிகளும் பொறியியல் வல்லுநர்களும் எழுப்பினர். எதிர்ப்பு வலுத்ததால் அத்திட்டம் முன்வைக்கப்பட்ட வடிவில் நிறைவேறவில்லை. வீட்டின் வெம்மை ஓர் அரசியல் கேள்வியாக நமது பிரதேசத்தில் எழுந்த அரிய தருணம் அதுவாகும். அக்கேள்வி அத்துடன் ஓய்ந்துபோனதே நமது கவலை.

கல்நார்த் தகடுகளின் கதையும் இதனையொத்ததே. சுகாதாரக் கேட்டைக் கருதி 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்ததையடுத்து, கல்நாரைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் அந்நாட்டைச் சமாதானப்படுத்தும் வகையில் அத்தீர்மானம் தளர்த்தப்பட்டது. வறியவரின் தலைக்கு மேல் எது இருக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் காரணங்கள் எங்கெங்கோ இருக்கின்றன என்பதற்கு இதுவொரு சான்று.

இந்நிலையில் ஒரு சாதாரணக் குடும்பம் குறைந்த செலவில் செய்யக்கூடியவை எவை? முதலாவது, கூரையை வெண்மையாக்குதல். கொங்கிறீற் மேல்தளத்துக்குச் சிறிது பசை சேர்த்த சுண்ணாம்பே போதுமானது. மாரிமழை அதனைக் கழுவிவிடும் என்பதால் ஆண்டுதோறும் பங்குனியில் மீண்டும் பூச வேண்டும். தகரத்தில் சுண்ணாம்பு ஒட்டாது. அதற்குக் கூரைக்கெனத் தயாரிக்கப்படும் வெள்ளைப் பூச்சு தேவை. கல்நார்த் தகடாயின் அதனைச் சுரண்டவோ துளையிடவோ உலர்ந்த நிலையில் தேய்க்கவோ கூடாது; கிளம்பும் நார்த்தூசு நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும். இரண்டாவது, தகட்டுக்குக் கீழே உட்கூரையொன்றை அமைத்து, இரண்டுக்குமிடையேயுள்ள சூடான காற்று வெளியேறத் துவாரங்கள் விடுதல். உட்கூரைக்குப் பனையோலைத் தட்டியைப் பயன்படுத்துவோர் அடுப்பும் மின்கம்பியும் அதனை நெருங்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, மேற்குச் சுவருக்கு நிழல் கொடுத்தல். பிற்பகல் வெயில் தாக்கும் அச்சுவரின் முன்னே ஒரு பந்தலும் அதில் படரும் ஒரு கொடியும், சற்று எட்டி ஒரு வேம்பும் இருந்தால், இரவின் வெக்கை பெருமளவு குறையும். நான்காவது, காற்று நுழையும் யன்னலுக்கு எதிரே அது வெளியேறும் யன்னலைத் திறந்து வைத்தல். நுளம்புக்கு அஞ்சி மாலையில் எல்லாவற்றையும் பூட்டும் வீடுகளுக்கு வலைபூட்டிய யன்னல் ஒரு மருந்து.

தவிர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. நீரை ஆவியாக்கிக் குளிரூட்டும் காற்றுக் குளிர்விப்பான்கள் வளிச்சீராக்கியை விட மலிவானவை என்பதால் இப்போது பலரைக் கவர்கின்றன. வறண்ட நிலங்களில் அவை நன்கு பயன்படும். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் தீவகத்தில் அவற்றின் பயன் சொற்பமே. மூடிய அறையில் புழுக்கத்தையே கூட்டும். குடிநீருக்கே தட்டுப்பாடு நிலவும் நெடுந்தீவில் குளிர்ச்சிக்காக நன்னீரை ஆவியாக்குவது பொருத்தமற்றது என்பதைக் கூறவும் வேண்டுமா?

விசிறி வாங்கும்போது அதன் விலையை மட்டும் பாராது எத்தனை வாற்று என்பதையும் பார்க்க வேண்டும். தூரிகையற்ற மோட்டாரில் இயங்கும் புதிய விசிறிகள் 30 வாற்று அளவில் அதே காற்றைத் தருகின்றன. அவற்றின் விலை கூடுதலே. எனினும், மேலே காட்டிய உதாரணத்தில், 60 அலகு எல்லைக்குள் நிற்கும் குடும்பம் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,000 ரூபாவை மிச்சப்படுத்துகின்றது. இந்தியாவில் 2023 ஜனவரி முதல் மின்விசிறிகளுக்கு நட்சத்திரச் சிக்கனக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வளிச்சீராக்கி இன்றியமையாத முதியோர், நோயாளர் உள்ள வீடுகளில், அதனை 26 பாகையில் வைத்து விசிறியையும் சேர்த்து இயக்குவது செலவைக் கணிசமாகக் குறைக்கும்.

ஆயினும் இவையனைத்தையும் தனிமனிதர் பொறுப்பாக விட்டுவிடுவது முறையாகாது. அயலில் நிகழ்வனவற்றைப் பாருங்கள். 2010 இல் கடும் வெப்ப அலையால் பெரும் உயிரிழப்பைக் கண்ட அகமதாபாத் நகரம், 2013 இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் செயற்றிட்டமொன்றை வகுத்தது. பின்னர் வறியோர் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியும் அங்கு நடைபெற்றது. வெண்கூரை வீட்டின் உட்புற வெப்பநிலையை 2 முதல் 5 பாகை வரை குறைக்கக்கூடும் என அங்கு பணியாற்றியோர் கூறுகின்றனர். தெலுங்கானா மாநிலம் 2023 இல் குளிர்கூரைக் கொள்கையொன்றையே வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024 இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நமது நாட்டிலோ வெப்ப எச்சரிக்கை வெளியாகின்றது. தண்ணீர் அருந்துங்கள், நிழலில் இருங்கள் என்ற அறிவுரையும் வெளியாகின்றது. நிழலே இல்லாத வீட்டில் இருப்பவர் எங்கே செல்வது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

எனவே மூன்று கோரிக்கைகளை நாம் முன்வைக்கின்றோம். முதலாவதாக, அரச நிதியிலோ வெளிநாட்டு உதவியிலோ கட்டப்படும் எந்த வீடமைப்புத் திட்டமும் அதன் கூரை, காற்றோட்டம், நிழல் ஆகியன அப்பிரதேசக் காலநிலைக்குப் பொருந்துகின்றனவா என்ற சோதனையில் தேறிய பின்னரே அனுமதிக்கப்படல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா சூறாவளி, பல்லாயிரம் வீடுகளை மீளக் கட்டும் கடமையை நம்மீது சுமத்தியுள்ளது. அக்கூரைகள் காற்றில் பறக்காதவையாக இருப்பது மட்டும் போதாது; வெயிலில் கொதிக்காதவையாகவும் இருக்க வேண்டும். இரண்டாவதாக, டீசலில் தங்கியுள்ள தீவுகளில் பழைய விசிறிகளைச் சிக்கன விசிறிகளாக மாற்றவும் கூரைகளை வெண்மையாக்கவும் மின்துறையே நிதியுதவி அளிக்க வேண்டும். மூன்றாவதாக, இப்பணிகளைப் பிரதேச செயலகங்களும் பிரதேச சபைகளும் உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து மேற்கொள்ள வேண்டும். 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், பனையோலை, பனைநார் கொண்டு தரமான உட்கூரைத் தட்டிகளை உருவாக்கும் முயற்சியில் ஈடுபடலாம்.

இதற்குப் பணம் எங்கே என்ற கேள்வி எழுவது இயல்பு. பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கின்றது, புகையாகச் செலவாகின்றது. ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 3 அலகு மின்சாரம் கிடைப்பதாகக் கொண்டால், பழைய விசிறி ஒன்றை மாற்றுவதால் மிச்சமாகும் 13 அலகுக்கு மேற்பட்ட மாதப் பாவனை 4 லீற்றர் டீசலுக்குச் சமம். ஆயிரம் விசிறிகளுக்கு மாதமொன்றுக்கு 4,000 லீற்றர். இதனை மானியம் என்று அழைப்பதைவிட முதலீடு என்று அழைப்பதே பொருத்தம். கலப்பு மின்திட்டத்தின் பயன் வீடுகளைச் சேரும் வேளையிலும் இக்கணக்கு செல்லுபடியாகும். ஏனெனில் இரவுத் தேவை குறையக் குறைய, மின்கலத்தின் சேமிப்பு விடியும்வரை தாக்குப்பிடிக்கும்.

2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, நாட்டின் மின்தேவை குறைந்திருந்தமையால், கூரைகளிலுள்ள சூரிய மின்தொகுதிகளைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை பாவனையாளரைக் கேட்டுக்கொண்டது. ஆண்டின் மிகக் கடும் வெயில் நாட்களில் வெயில் தரும் மின்சாரம் வேண்டாமென்று சொல்லப்பட்டது; அதே நாட்களின் இரவுகளில் மின்சாரத்துக்கு அனல்மின் நிலையங்களை நம்ப வேண்டியிருந்தது. பகலின் மிகுதியை இரவுக்குக் கொண்டுசெல்லும் வழியும், இரவின் தேவையைக் குறைக்கும் வழியும் ஒருசேரத் திட்டமிடப்பட வேண்டும் என்பதை அச்சம்பவம் நாடறியக் காட்டியது. முதலாவதற்கு மின்கலம் வேண்டும். இரண்டாவதற்கு நல்ல கூரை போதும்.

சமூக நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனி மாதத்தில் நயினை நாகபூஷணி அம்மன் ஆலய மகோற்சவத்துக்குத் திரளும் அடியார்களும், 2022 முதல் 2024 வரை பங்குனி, சித்திரை வெயிலில் வந்த றமழானின்போது இரவுத் தொழுகைக்குக் கூடியோரும் வெம்மையின் கொடுமையை அறிவர். ஆலய மண்டபங்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் பாடசாலைகளும் தமது கூரைகளை வெண்மையாக்கி, வளவுகளில் மரங்களை நாட்டினால், அயலிலுள்ள வீடுகள் அதனைக் கண்டு பின்பற்றும். கடும் வெயில் நாட்களில் பிற்பகல் வேளையில் முதியோர் வந்து தங்கக்கூடிய குளிர்ந்த இடங்களாகவும் அவை பயன்படும். புலம்பெயர்ந்து வாழும் தீவக ஊர்ச்சங்கங்கள் கோபுரங்களுக்கும் மண்டபங்களுக்கும் வாரி வழங்குவது நாமறிந்ததே. ஊருக்கு நூறு கூரைகளுக்கு வெள்ளை பூசும் செலவு அவற்றுடன் ஒப்பிடுகையில் மிகச் சிறியது. ஊரில் வீடு கட்டுவோர், கனடாவிலும் ஐரோப்பாவிலும் குளிரைத் தடுக்கக் கட்டப்படும் மூடிய வீட்டின் தோற்றத்தை இங்கே பிரதிசெய்வதைத் தவிர்த்தால், அவ்வீட்டில் வாழப்போகும் பெற்றோர் வாழ்த்துவர்.

வெயிலை எந்த அரசாங்கமும் நிறுத்திவிட முடியாது. மின்கட்டணம் ஏறும், இறங்கும். பின்னர் மீண்டும் ஏறும். ஆனால் வீட்டுக்குள் நுழையாத வெப்பத்தை வெளியேற்ற எவரும் பணம் செலுத்த வேண்டியதில்லை. தீவகத்து மக்களுக்கு மின்சாரம் வழங்குவதில் அண்டை நாடுகள் காட்டிய அக்கறையில் ஒரு சிறு பங்கையேனும் அவர்களது கூரைகள் மீது நமது அரசும் நமது சமூகமும் காட்டுமாயின், அடுத்து வரும் சித்திரைகளில் அங்குள்ள முதியவர்களும் குழந்தைகளும் சற்று நிம்மதியாக உறங்குவர். பங்குனி பிறக்கும் முன்னரே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.